வரிசை: குங்ஃபூ ‘ஃபார்ம்’ தமிழில்

கப்பன் பூங்காவில் ஞாயிறு காலை நாங்கள் விங் சுன் என்ற குங்ஃபூ வகையைப் பழகும் இடத்துக்கு எதிரே ஒரு பெரியவர் வந்து உட்காருவார். அல்சூரில் வீடு, சொந்த ஊர் ஆம்பூர்ப் பக்கம். “ஃபார்ம் செய்யறோம் ஐயா” என்றேன் ஒருநாள். “எங்க ஊர்ல இதை வரிசைன்னு சொல்வாங்க தம்பி” என்றார். அன்றிலிருந்து எனக்கும் அதுதான் சொல்.

எதிராளி இல்லாமல், மாறாத ஒழுங்கில், தொடக்கம் முதல் முடிவு வரை தனியாகச் செய்யும் அடி, தடுப்பு, திருப்பங்களின் கோவைதான் ஃபார்ம். சீனப் பொதுமொழியில் தாவ்லூ: ‘தாவ்’ தொகுதி, ‘லூ’ பாதை. கராத்தேயில் காத்தா. தமிழில் பலரும் ‘வடிவம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வடிவம் நின்றுவிட்ட ஒன்று. களரியில்கூட ‘வடிவு’ என்றால் யானை, பாம்பு, மயில் போன்ற நிலைகள்தான். ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவது வரிசை. நம் வெறுங்கைச் சண்டைக் கலைக்குப் பெயரே குத்துவரிசை. தெற்குச் சீனத்தின் கான்டனீஸ் மொழியில் ஃபார்முக்கு ‘கூன் தோ’ என்கிறார்கள். ‘கூன்’ முஷ்டி, ‘தோ’ தொகுதி. ஏறக்குறைய குத்துவரிசையேதான்! பாட்டு கற்கும் பிள்ளைகளின் சரளி வரிசையும் இந்த இனம்தான்: தினமும் அதையே பாடிப் பாடி, நினைக்காமலே குரல் வழி பிடிக்கும் வரை.

குங்ஃபூ என்ற சொல்லில் முதலில் சண்டையே இல்லை. காலமும் உழைப்பும் கொடுத்துப் பெற்ற தேர்ச்சி என்பதே பொருள். நல்ல சமையல்காரருக்கும் அது உண்டு. பொறுமையாகத் தேநீர் வடிக்கும் முறைக்கும் அந்தப் பெயர் உண்டு. ‘கைவந்தது’ என்கிறோமே, அதுதான். சண்டைக் கலைக்குத் தனியாக வூஷூ என்ற சொல் இருக்கிறது.

இந்த வரிசையை ஆங்கிலத்தில் ‘மூவிங் மெடிட்டேஷன்’, அதாவது ஒருவகைத் தியானம், என்பார்கள். தியானம் வடமொழி. சீனத்தில் அது ‘சான்’ ஆகி, ஜப்பானில் ‘ஜென்’ ஆனது. 495இல் எழுந்த ஷாவோலின் மடம் சான் நெறியினுடையது. காஞ்சியிலிருந்து போன போதிதர்மர் அங்கே குங்ஃபூ கற்றுத்தந்தார் என்று நாம் ஆசையாகச் சொல்கிறோம். ஆனால் அந்தக் கதைக்கு வேர் 17ஆம் நூற்றாண்டின் யிஜின்ஜிங் என்ற நூல். போதிதர்மர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பிந்தியது. தியானத்தோடு உள்ள உறவைக் காட்ட அந்தக் கதை தேவையும் இல்லை, வரிசைக்குள்ளேயே அது இருக்கிறது.

விங் சுன்னின் முதல் வரிசை சியூ நிம் தாவ், ‘சிறு எண்ணம்’. அதிலுள்ள ‘நிம்’ எழுத்தைத்தான் சீனப் பௌத்தர்கள் ‘ஸ்மிருதி’யை, அதாவது விழிப்பான நினைவை, மொழிபெயர்க்க எடுத்துக்கொண்டார்கள். முதல் பகுதியில் ஃபூக் சாவ் என்ற கைநிலை மும்முறை மிக மெதுவாக, முழங்கை நெஞ்சின் நடுக்கோட்டை விடாமல் முன்னே போகும். அந்தப் பகுதிக்குப் பெயர் ‘புத்தருக்கு மூன்று வணக்கம்’. மனம் வீட்டு வாடகைக்குப் போனால் முழங்கை வெளியே விலகிவிடும். விலகியது தெரிந்ததும் மனத்தையும் சேர்த்து இழுத்து வர வேண்டியதுதான்.

இந்த வரிசை முழுதும் கால் பெயராது. அதனால்தான் ‘மூவிங் மெடிட்டேஷ’னுக்கு ‘நகரும் தியானம்’ என்ற மொழிபெயர்ப்பை ஏற்க முடியவில்லை. இடம் விட்டு இடம் போவதுதானே நகர்தல்? ‘இயங்கு தியானம்’ பொருந்தும். தியானத்தை ஊழ்கம் என்னும் தனித்தமிழ் அன்பர்கள் ‘இயங்கூழ்கம்’ எனலாம். பூங்காவில் பிள்ளைகளிடம் நான் இவ்வளவும் சொல்வதில்லை. “வரிசையைத் தொடங்கு. மூணாவது வணக்கம் முடியற வரைக்கும் அவசரப்படாதே.”