கார்ப்பெட் ஏரியாவில் கம்பளம் எங்கே?

சென்னை அடுக்கக விளம்பரங்களில் கார்ப்பெட் ஏரியாவைக் ‘கம்பளப் பரப்பு’ என்று போடுகிறார்கள். ‘தரைவிரிப்புப் பகுதி’ என்பதும் உண்டு. பவானி ஜமுக்காளக் கடையின் விளம்பரமோ என்று ஒரு கணம் தோன்றிவிடுகிறது.

கார்ப்பெட் என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அதற்கும் பின்னால் ‘பறித்தல்’ என்ற பொருளுள்ள இலத்தீன் வினை இருக்கிறது. சுவருக்குச் சுவர் விரிப்புப் போட்டால் எவ்வளவு தரை மூடுமோ அவ்வளவு என்பதுதான் கட்டுமானத் தொழிலில் கார்ப்பெட் ஏரியா. நம் கம்பளமோ வடமொழிச் சொல். முதலில் ஆட்டுமயிர்ப் போர்வையைக் குறித்தது. அதை இங்கே இழுத்துவந்ததால் தூய தமிழும் கிடைக்கவில்லை, பொருளும் விளங்கவில்லை.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் கார்ப்பெட் ஏரியாவுக்குத் திட்டவட்டமான வரையறை தந்திருக்கிறது. வீட்டுக்குள் நிகரமாகப் பயன்படும் தளப் பரப்பு அது. வெளிச்சுவர், குழாய்கள் போகும் செங்குத்துப் பொந்துகள், வீட்டுக்கே உரிய பால்கனி, திறந்த மொட்டைமாடி எல்லாம் கழிந்துபோகும். உள்ளே அறைகளைப் பிரிக்கும் தடுப்புச் சுவர்கள் மட்டும் சேரும். சுவருக்கு அடியில் யார் கம்பளம் விரிப்பார்கள்? விரிக்கத் தோதான பால்கனியோ கணக்கிலேயே இல்லை! ஆங்கிலத்தில் பழக்கத்தால் ஒட்டிக்கொண்ட பெயரைத் தமிழில் புதிதாக ஒட்டவைக்க என்ன அவசியம்?

‘பயன்பாட்டுப் பரப்பு’ என்கிறார்கள் சிலர். பரவாயில்லை. ஆனால் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) ஆவணங்களில் நிலப் பயன்பாடு என்றாலே குடியிருப்பா, வணிகமா, தொழிலா என்ற வேறொரு விவகாரம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். என் தேர்வு ‘புழங்கு பரப்பு’. ‘வீடு பெரிசுதான், புழங்க இடமில்லை’ என்று எந்த வீட்டிலும் சொல்வார்களே, அந்தப் புழக்கம்தான். துணி காயப்போடும் பால்கனியிலும் புழங்குகிறோமே என்று ஒருவர் மடக்கலாம். சட்ட வரையறை முழுவதையும் ஒரு சொல்லில் அடைக்க முடியாது. தப்பான பக்கம் கை காட்டாமல் இருந்தால் போதும்.

நல்ல சொல் எப்படிப் பிறக்கும் என்பதற்குப் பத்திரங்களிலேயே சான்று இருக்கிறது. அடுக்ககம் நிற்கும் மனையில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பங்கை, யுடிஎஸ் என்று தரகர்கள் சொல்வதை, ஆவண எழுத்தர்கள் ‘பிரிபடாத பாகம்’ என்று எழுதுகிறார்கள். கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து எடுத்த சொல், படித்தவுடன் புரிகிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் பொருளைத் தேடுவதில்லை, அகராதியில் முதலில் வருவதை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

வாங்குகிறவருக்கு இது வெறும் சொல் வழக்கு அல்ல. மாம்பலத்துப் பழைய மூன்றடுக்கு வீடுகளில் பொது இடம் என்றால் பெரும்பாலும் மாடிப்படிதான். ஓஎம்ஆர் என்கிற பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் எழும்பும் வளாகங்களில் லிஃப்ட், வரவேற்புக் கூடம், கிளப் ஹவுஸ் என்று பட்டியல் நீள்கிறது. வீட்டின் பரப்போடு அவற்றின் பங்கெல்லாம் சேர்ந்ததுதான் சூப்பர் பில்ட்-அப் ஏரியா. 1,200 சதுர அடிக்குப் பணம் கட்டியவர் 850க்குள் புழங்கினால், அந்த 850க்குப் புரிகிற பெயர் வேண்டாமா?

அந்த 1,200க்கு ‘மீக்கட்டுமானப் பரப்பு’ என்று பெயர் வைக்கவும் ஆள் இருக்கிறார்கள். எதற்கு அந்த ‘மீ’? ‘விற்பனைப் பரப்பு’ என்றாலே போதும். விலை போடுவதற்கென்றே உண்டான கணக்குத்தானே அது.