சீரம்: சொல்லும் பொருளும்

முகத்தில் பூசும் நீர்த்த பூச்சு ஒன்றை இன்று சீரம் என்கிறார்கள். சீரம் இலத்தீன் மொழிச் சொல். பால் திரியும்போது கட்டியிலிருந்து பிரிந்து நிற்கும் தெளிந்த நீருக்கு அம்மொழியில் வழங்கிய பெயர் அது. பின்னர் மருத்துவர்கள், குருதி உறைந்தபின் பிரியும் வெளிர்மஞ்சள் நீரையும் அப்பெயராலேயே அழைத்தனர். அதனைத் தமிழில் ஊநீர் என்கிறோம். முகத்தில் பூசும் சீரத்துக்கோ குருதியோடு தொடர்பில்லை. நீர்த்த, தெளிந்த நீர்மம் என்ற தன்மை மட்டுமே பொது. எனவே இதனை ஊநீர் என்பது பொருந்தாது.

பனையிலிருந்து இறக்கும் புளிக்காத பதநீரைக் கொங்கு நாட்டார் தெளுவு என்பர். தெளிவு என்பதோடு உறவுடைய அச்சொல் இன்றும் புழக்கத்தில் இருப்பதால், நீர்மம், திண்மம் என்பவற்றின் வழியில் முகத்தில் பூசும் சீரத்தைத் ‘தோல் தெளிமம்’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து. ‘சருமச் சாறு’ எனச் சிலர் எழுதக்கூடும்; ஆனால் சாறு என்றால் பிழிந்தெடுத்தது என்றே நம் மனத்தில் படும்.

ஈரங்காக்கும் தெளிமங்களில் கிளிசரினும் ஹயலூரோனிக் அமிலமும் மிகுதியாகச் சேர்கின்றன. பின்னதை 1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணின் உள்ளிருக்கும் கூழ்மத்திலிருந்து பிரித்தெடுத்தனர். கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அப்பெயரின் முற்பகுதி. இவை இரண்டும் நீரை ஈர்த்துப் பிடிப்பவை. ஆனால் மாசி, பங்குனியில் பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கங்களில் காற்று வறண்டு கிடக்கும்போது, அவை பற்றிக்கொள்ள வெளியில் ஈரம் போதாது. தோலின் உள்ளடுக்கிலிருந்து மேலே வரும் நீரும் காற்றில் எளிதாக ஆவியாகிவிடும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே பாயும் காற்று ஓரளவு ஈரமானதே என்றாலும், அதன் வேகமும் தோலை உலர்த்தும். சீரம் பூசியும் முகம் இழுத்துப் பிடிக்கிறது, கன்னம் வெள்ளை பூக்கிறது என்று சிலர் வருந்துவதற்கு இது ஒரு காரணம்.

இங்குதான் சொல்லின் பழம்பொருள் உதவுகிறது. பாலின் தெளிநீரில் வெண்ணெய் மிகக் குறைவு. அதுபோல நீர் மிகுந்த தெளிமத்திலும் ஈரத்தை மூடிக்காக்கும் கொழுப்பு இருப்பதில்லை. ஆகவே முகம் கழுவி, ஈரம் காயுமுன் சில சொட்டுகள் பூசி, உடனே அதன்மேல் கிரீம் தடவ வேண்டும். கை கால்களுக்குத் தேங்காயெண்ணெயே போதும். பரு வரும் முகத்துக்கு மட்டும் அதைத் தவிர்த்து, தோல் துளைகளை அடைக்காத மென்மையான கிரீமைத் தேர்வது நல்லது.