“நேரா உட்காரு” என்று சொல்வதற்கு முன்

பதின்ம வயதுப் பிள்ளைகளை என்னிடம் அழைத்து வரும் பெற்றோர் நாற்காலியில் அமர்வதற்கு முன்பே சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “எத்தனை தடவை சொன்னாலும் கூன் போட்டுத்தான் உட்காருறான், நீங்களாவது சொல்லுங்க மேடம்.” சென்னையில் இயன்முறை மருத்துவராக இருக்கும் நான் “நேரா உட்காரு” என்பதை மட்டும் பிள்ளையிடம் சொல்வதில்லை. சொன்னவுடன் நெஞ்சை நிமிர்த்தி விறைப்பாக உட்காருகிற பிள்ளை, இரண்டு நிமிடத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிடும். விறைப்பு யாருக்கும் நெடுநேரம் தாங்காது.

பள்ளிகளில் பேச அழைத்தால் மாணவர்களைச் சுவரோரம் நிறுத்துவேன். குதிகால் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி இருக்க, பிட்டமும் மேல்முதுகும் சுவரைத் தொட வேண்டும். பின்தலையும் தானாகவே தொடுகிறதா என்று பார்க்கச் சொன்னால், வகுப்பில் பலருக்குத் தொடுவதில்லை. அண்ணாந்து தொட முயல்பவர்களிடம், பார்வையை நேராக வைத்து, இரட்டை நாடி விழுவதுபோல் முகவாயைப் பின்னுக்கு இழுக்கச் சொல்வேன். சிரிப்பொலி எழும், ஆனால் கழுத்து எங்கே இருக்க வேண்டும் என்பதை உடம்பே அப்போது கண்டுகொள்கிறது.

மனிதத் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. கைபேசியைப் பார்க்க 60 டிகிரி குனியும்போது கழுத்தின் மேல் விழும் விசை 27 கிலோவுக்கு நிகராகிறது என்று 2014-இல் வெளியான கணினி மாதிரி ஆய்வு ஒன்று கணக்கிட்டது. வாட்ஸ்அப்பில் இந்த எண்ணைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அது கணக்கே தவிர, கழுத்து பழுதாகிவிடும் என்ற தீர்ப்பு அல்ல. உண்மையான சிக்கல், நீட் பயிற்சி வகுப்பில் மூன்று மணி நேரம் அசையாமல் இருந்துவிட்டு, ரயிலில் நின்றபடி மீண்டும் கைபேசிக்குள் குனிவதுதான். எந்த நிலையிலும் அரை மணி நேரத்துக்கு மேல் தொடராமல் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருகிற பிள்ளை, அவ்வப்போது கூன் போட்டாலும் நான் கவலைப்படுவதில்லை. புத்தகப்பையைப் பொறுத்தவரை, 2020-இல் வெளியான ஒன்றிய அரசின் பள்ளிப்பைக் கொள்கை உடல் எடையில் 10 விழுக்காட்டை வரம்பாக வைக்கிறது. 45 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது நாலரை கிலோ. இரண்டு பட்டைகளையும் மாட்டிக்கொள்ள வேண்டும்.

பெண் பிள்ளைகளின் கூனுக்குப் பின்னால் வேறொன்றும் உண்டு. மார்பு வளரும் வயதில் பார்வைகளுக்குக் கூசித் தோள்களை முன்னுக்குக் குவித்துக்கொள்கிறார்கள். ‘குனிந்த தலை நிமிராத பெண்’ என்று பாராட்டிய அதே வீட்டில் “நிமிர்ந்து நட” என்று அதட்டுவது என்ன நியாயம் என்று பாட்டிமார்களிடமே கேட்டிருக்கிறேன். பொருத்தமான உள்ளாடையும், அம்மா தனியாக உட்கார்ந்து பேசும் பத்து நிமிடமும் அங்கே என் உடற்பயிற்சியைவிடப் பயன் தரும்.

ஆனால் எல்லா வளைவும் பழக்கத்தால் வருவதில்லை. இதை என் பிழையிலிருந்தே கற்றுக்கொண்டேன். தொழிலின் தொடக்கத்தில், நாட்டியம் கற்கும் 12 வயதுச் சிறுமி ஒருத்தியைச் சீருடைச் சுடிதாருக்கும் மேல்கோட்டுக்கும் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு, மூன்று பயிற்சிகளை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். பத்து மாதம் கழித்து அரங்கேற்ற உடைக்கு அளவெடுத்த தையல்காரர், “ஒரு பக்கம் தோள் இறங்கியிருக்கேம்மா” என்றாராம். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு பக்கவாட்டில் 28 டிகிரி வளைந்திருந்தது. ஸ்கோலியோசிஸ் என்னும் இந்த வளைவு பதின்ம வயதினரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு வருகிறது. பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை. புத்தகப்பையோ உட்காரும் விதமோ இதைக் கொண்டுவருவதில்லை. பெண் பிள்ளைகளுக்கு வளைவு கூடும் வாய்ப்பு அதிகம், அதுவும் வேகமாக உயரம் கூடும் காலத்தில்.

வீட்டிலேயே பார்க்கலாம். முதுகு தெரியும்படி, பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், உள்ளங்கைகளைக் கூப்பி, முதுகு தரைக்கு இணையாகும்வரை பிள்ளையைக் குனியச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். விலாப்புறம் ஒரு பக்கம் மட்டும் மேடாகத் தெரிந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். குப்புறப் படுத்து நிமிர்ந்தாலும் மறையாத கூனும் அப்படியே. அது முதுகெலும்பின் கட்டைகளே ஆப்பு வடிவில் வளர்ந்ததால் இருக்கலாம். பழக்கக் கூன் என்றால் நிமிரும்போது மறைந்துவிடும்.

நாட்டியம் கற்ற அந்தச் சிறுமிக்கு, வளைவு கூடாமல் உடம்பை இறுக்கிப் பிடிக்கும் கவசமான பிரேஸை நாளில் 18 மணி நேரம் அணியச் சொன்னார்கள். சித்திரை வெயிலில் அதனுள்ளே தையல் உறுத்தாமல் இருக்கப் பருத்தி பனியனைத் திருப்பிப் போட்டு, வியர்த்தால் மதியம் ஒரு முறை மாற்றிக்கொண்டாள். நாட்டிய வகுப்பு நேரத்தில் கழற்றி வைக்க மருத்துவர் அனுமதித்திருந்ததால் முழங்காலை மடக்கி அரைவாசி அமரும் அரைமண்டி மட்டும் ஒரு நாளும் தடைபடவில்லை.