ஊருக்குப் போனவர் இறந்தவர் அல்ல

இந்த மாதத்தில் இவர் நான்காவது. முதுநிலை மருத்துவ மாணவர், தீசிஸ் கொடுக்க இன்னும் 11 நாள். பென் டிரைவை மேசையில் வைத்துவிட்டு, "மேடம், சர்வைவல் கர்வும் பி வேல்யூவும் மட்டும் போட்டுக் குடுத்தீங்கன்னா போதும்" என்றார். சர்வைவல் கர்வ் என்பது, காலம் போகப் போக நோயாளிகளில் எத்தனை பங்கு உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் கோடு. பி வேல்யூ, தெரியும் வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியதா என்று எடைபோட உதவும் எண். எக்செல் தாளைத் திறந்தேன். வரிசை எண் 1, 2, 3, அப்புறம் நேராக 7. நடுவில் இருந்தவர்கள் எங்கே?

"லாஸ்ட் டு ஃபாலோ அப் மேடம். டெலீட் பண்ணிட்டேன்." அதாவது, பாதியில் வருவதை நிறுத்தியவர்கள், பிறகு என்ன ஆனார்கள் என்று தெரியாதவர்கள்.

புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் ஆய்வுப் பிரிவில் புள்ளியியல் பார்ப்பவள் நான். ஆய்வு செய்யும் மருத்துவர்களுக்குக் கைகொடுக்கத்தான் இந்தப் பிரிவே இருக்கிறது. அவர்கள் வருவதோ எல்லாம் முடிந்த பிறகு. 1938இல் கல்கத்தாவில் நடந்த இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் இதைத்தான் சொன்னார்: ஆய்வை முடித்துவிட்டுப் புள்ளியியலாளரிடம் வருவது பிரேதப் பரிசோதனை கேட்பதைப் போல, எதனால் செத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். நம் நாட்டில் வந்து சொன்னது, நமக்கே இன்னும் எட்டவில்லை.

சரி, அழித்தவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் 14ஆவது மாதம் நன்றாக வந்து போனார், அதன்பின் வரவில்லை என்று வையுங்கள். 15ஆவது மாதம் என்ன ஆனது என்று தெரியாது. ஆனால் 14 மாதம் உயிரோடு இருந்தார் என்பது தெரியுமே! அதையும் ஏன் குப்பையில் போடுகிறீர்கள்? 1958இல் கப்லன், மேயர் என்ற இருவர் கொடுத்த, சர்வைவல் கர்வ் போடும் முறையே இவரைப் போன்றவர்களுக்காகத்தான். 14 மாதம் வரை கணக்கில் வைத்துக்கொண்டு, அதன்பின் இறப்பாக எண்ணாமல் வழியனுப்ப வேண்டும். அழித்தால், இறந்தவர்கள் அத்தனை பேரும் தாளில் இருப்பார்கள், உயிரோடு போனவர்கள் மட்டும் காணாமல் போவார்கள். நீங்கள் கொடுத்த சிகிச்சை, இருப்பதைவிட மோசமாகத் தெரியும். இன்னும் சிலர் வராதவர்களையெல்லாம் இறந்தவர்கள் பத்தியில் போடுகிறார்கள். வேறு சிலர், "நல்லா இருக்கறதாலதான் வரல" என்று இன்றுவரை வாழவைத்துவிடுகிறார்கள். மூன்றுமே தப்பு.

அதற்காகக் கப்லன்–மேயர் மந்திரம் என்று நினைக்காதீர்கள். நின்றுபோனவர்களும் தொடர்ந்து வருபவர்களைப் போன்றவர்களே என்று அது நம்பிக்கொள்கிறது. நோய் முற்றி, பஸ் ஏற முடியாமல் நின்றுபோனவர்களே அதிகம் என்றால், கோடு பொய்யாக மேலே நிற்கும். அதைச் சரிசெய்ய மென்பொருளில் பட்டன் கிடையாது, போனைத்தான் எடுக்க வேண்டும். அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் 1981இல் அமைந்த சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவகம், கடிதம் போட்டும் வீடு தேடிப் போயும்தான் இந்தத் தகவலைச் சேர்த்தது.

மருத்துவர்களே, தயவுசெய்து, முதல் நோயாளியின் பெயரை எழுதும் முன் எங்களிடம் வாருங்கள். கடைசியாகப் பார்த்த தேதிக்கு எக்செல் தாளில் ஒரு பத்தி வையுங்கள். நாள்கணக்கை எதிலிருந்து தொடங்குகிறீர்கள், நோய் கண்டறிந்த நாளா, சிகிச்சை தொடங்கிய நாளா? ஒன்றை முடிவுசெய்து எல்லோருக்கும் அதையே வையுங்கள். இரண்டு போன் நம்பர் வாங்குங்கள், ஒன்று உறவினருடையதாக இருக்கட்டும். "120 பேர் இருக்காங்க, போதாதா மேடம்?" என்று கேட்காதீர்கள். 120 பேரில் 9 பேர்தான் இறந்திருக்கிறார்கள் என்றால், என் கையில் இருப்பது 9 தான், ஏனென்றால் இந்தக் கணக்குக்கு வலு சேர்ப்பது இறப்புகளின் எண்ணிக்கைதான். பழைய கேஸ் ஷீட்தானே என்று நெறிமுறைக் குழுவைத் தாண்டிப் போகாதீர்கள். சிகிச்சைகளை ஒப்பிடும் ஆய்வு என்றால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே, சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு முடிந்திருக்க வேண்டும். 2018 ஏப்ரல் 1க்குப் பிறகு, தாமதமாகப் போனால் அங்கே ஏற்க மாட்டார்கள்.

அந்த மாணவருக்குக் கோடு போட்டுத் தரவில்லை. அழித்த 31 பேரையும் திரும்பச் சேர்த்து, போன் பண்ணச் சொன்னேன். முகம் சுருங்கித்தான் போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்தவர், ஒரு நம்பரில் நோயாளியே எடுத்துப் பேசினார் என்றார். திருப்பூரில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாராம். "நான் நல்லாத்தானே இருக்கேன் சார், ஏதாச்சும் பிரச்சினையா?" என்று பயந்துபோய்க் கேட்டாராம்.