சோப்பு எந்த வைரஸை உடைக்கிறது?

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் சென்னையில் வீட்டுக்கு ஒருவராவது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார். கையைச் சோப்பு போட்டுக் கழுவச் சொல்லாத ஆள் இருக்க மாட்டார். சரியான யோசனைதான். ஆனால் ஜலதோஷத்துக்கும் ஃப்ளூவுக்கும் காரணம் வேறு வேறு வைரஸ்கள். இரண்டிடமும் சோப்பின் வேலை ஒன்றல்ல.

ஃப்ளூ வைரஸ் சுமார் 100 நானோமீட்டர் அகலம். அதன் மேல் கொழுப்பாலான ஒரு சவ்வு இருக்கிறது. அது வைரஸின் சொந்தச் சரக்கு அல்ல. நம் செல்லுக்குள் பெருகி வெளியேறும்போது நம் செல்லின் சவ்வையே கொஞ்சம் கிள்ளிப் போர்த்திக்கொண்டு வருகிறது. அடுத்த செல்லில் ஒட்டுவதற்கான புரதங்கள் அந்தச் சவ்வில்தான் பதிந்திருக்கின்றன. சவ்வு கிழிந்தால் வைரஸின் கதை முடிந்தது.

சோப்பு மூலக்கூறுக்கு இரண்டு முனைகள். ஒன்று தண்ணீரை நாடும், மற்றது எண்ணெயை. எண்ணெய்க் குளியலில் சீயக்காய் செய்வதும் இதே வேலைதான். அதிலுள்ள சபோனின் எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைக்கிறது. சோப்பின் எண்ணெய் முனைகள் வைரஸின் கொழுப்புச் சவ்வுக்குள் நுழைந்து அதைப் பிரித்துப் போடுகின்றன. இதற்குச் சாதாரணச் சோப்பே போதும். கிருமிநாசினிச் சோப்பு கூடுதல் பலன் தருவதாகக் கம்பெனிகள் நிரூபிக்கவில்லை என்று, டிரைக்ளோசன் உட்பட 19 பொருட்களை 2016இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. வீட்டு உபயோகச் சோப்புகளில் தடை செய்தது.

ஜலதோஷத்துக்கு வருவோம். அதை அதிகம் உண்டாக்குவது ரைனோவைரஸ். அளவு 30 நானோமீட்டர்தான், ஆனால் கெட்டிக்காரன். கொழுப்புச் சவ்வே கிடையாது. இறுகப் பின்னிய புரத ஓடு மட்டும். சோப்புக்கு அங்கே கிழிக்க ஒன்றுமில்லை. தோலிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கோடு வைரஸையும் கிளப்பிவிடும், அவ்வளவுதான். அதை அடித்துச் செல்ல வேண்டியது தண்ணீர். நுரையைத் துண்டில் துடைத்துவிட்டுப் போகிறவர்களுக்குப் பாதிப் பலன்தான். சவ்வில்லாத வைரஸ்களிடம் ஆல்கஹால் சானிடைசரும் கொஞ்சம் தடுமாறும்.

வேடிக்கை என்னவென்றால், சோப்பால் எளிதில் உடையும் ஃப்ளூ பெரும்பாலும் இருமல், தும்மல், மூச்சு வழியாகக் காற்றில் வருகிறது. விரலில் அது சீக்கிரம் செயலிழந்துவிடும். சோப்புக்கு மசியாத ரைனோவைரஸோ காற்றிலும் பரவும், விரலிலும் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். நாம் கண்ணைக் கசக்குகிறோம். கண்ணீர்க் குழாய் வழியாக அது மூக்குக்குப் போய்விடுகிறது. மூக்கின் 33 டிகிரி செல்சியஸ் சூடு அதற்கு வாகான சூடு. அதனால் ஜலதோஷக் காலத்தில் 20 விநாடி தேய்ப்பதோடு, ஓடும் தண்ணீரில் நன்றாக அலசவும் வேண்டும். கண்ணையும் மூக்கையும் சும்மா தொடும் பழக்கத்தையும் விட வேண்டும். கடைசியில் சொன்னதுதான் கஷ்டம்.

ஃப்ளூவுக்குக் கை கழுவினால் மட்டும் போதாது. ஜன்னலைத் திறந்து வைப்பது, இருமுகிறவர் மாஸ்க் போடுவது, அப்புறம் தடுப்பூசி. வைரஸின் மேற்புரதங்கள் மாறிக்கொண்டே இருப்பதால், எந்த வகைகளை ஊசியில் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு 2 முறை அறிவிக்கிறது. போன வருஷம் போட்ட ஊசி இந்த வருஷத்துக்குக் கணக்கில் வராது. போட்ட பிறகு உடல் எதிர்ப்புச் சக்தியை உருவாக்க சுமார் 2 வாரம் எடுக்கும். சென்னைவாசிகள் அதை மழைக்கு முன்பே, செப்டம்பர் வாக்கில் போட்டுக்கொள்வது நல்லது.