குறைந்த செலவில் முதல் கணினி: எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது?

முதன்முறையாகக் கணினி ஒன்றை அசெம்பிள் செய்ய விரும்புபவர் பெரும்பாலும் பிராசசரின் (கணக்கிடும் மையச் சில்லு) பெயரையும் ராமின் (தற்காலிக நினைவகம்) அளவையும் மட்டும் குறித்துக்கொண்டு, கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் புறப்படுகிறார். கடைக்காரரும் அவ்விரண்டுக்கும் விலை சொல்லிவிட்டு, மீதி உதிரிபாகங்களைத் தம்மிடம் உள்ள சரக்கிலிருந்து நிரப்பிக் கொடுத்துவிடுகிறார். ஆனால் கையில் உள்ள பணம் குறைவாக இருக்கும்போது கணினியின் வேகத்தையும் ஆயுளையும் பெரிதும் தீர்மானிப்பது, ஒரு பாகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தரவும் மின்சாரமும் செல்லும் வழி எவ்வளவு அகலமானது என்பதே.

திரையில் படத்தை உருவாக்கும் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஏனெனில் செலவில் பெரும்பங்கை விழுங்குவது அதுதான். படிப்பு, அலுவலக வேலை, நிரல் எழுதுதல், காணொளி பார்த்தல், எளிய விளையாட்டுகள் ஆகியவற்றுக்கு, கிராபிக்ஸ் பகுதி உள்ளேயே அமைந்த பிராசசர் போதும். ஏ.எம்.டி. நிறுவனம் 2021இல் வெளியிட்ட ரைசன் 5 5600ஜி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 6 கோர்கள் (கணக்கிடும் அலகுகள்), 12 த்ரெட்கள் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய பணிச்சரங்கள்), பெட்டியிலேயே ஒரு கூலர் (சூட்டைத் தணிக்கும் விசிறி). பெயரின் கடைசி எழுத்தைக் கவனிக்க வேண்டும். ‘ஜி’ இல்லாத 5600இல் கிராபிக்ஸ் பகுதி கிடையாது. இன்டெல் பிராசசர்களில் இறுதியில் ‘எஃப்’ இருந்தாலும் அப்படியே. அவற்றைத் தனி கார்டு இல்லாமல் பொருத்தினால் மானிட்டரில் படமே வராது.

உள்ளமைந்த கிராபிக்ஸைத் தேர்ந்தெடுத்தவுடன் ராமின் பொறுப்பு இரட்டிப்பாகிறது. தனி கிராபிக்ஸ் கார்டில் அதற்கென்றே வேகமான நினைவகம் உண்டு, ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 கார்டில் அது வினாடிக்கு 224 ஜி.பி. தரவைக் கொடுக்க வல்லது. 5600ஜிக்கு அந்த வசதி இல்லாததால், அதன் கோர்களும் கிராபிக்ஸ் பகுதியும் ஒரே ராமைப் பகிர்ந்துகொள்கின்றன. டி.டி.ஆர்.4 தலைமுறையின் 3200 வகை ராம் வினாடிக்கு 320 கோடி முறை, ஒவ்வொரு முறையும் 8 பைட் வீதம் தரவை அனுப்புகிறது. ஆக ஒரு சேனலின் (ராமுக்கும் பிராசசருக்கும் இடையிலான தரவுப் பாதை) உச்ச அளவு வினாடிக்கு 25.6 ஜி.பி. எல்லா பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டில் இத்தகைய சேனல்கள் இரண்டு உள்ளன. 16 ஜி.பி. ராமை ஒரே பட்டையாக வாங்கினால் ஒரு சேனல் சும்மா கிடக்கும். இரண்டு 8 ஜி.பி. பட்டைகளாக வாங்கினால் வழி 51.2 ஜி.பி. ஆக விரியும். பிராசசரை மாற்றாமலேயே விளையாட்டுகளின் வேகம் இதனால் கணிசமாகக் கூடுகிறது. ‘பிறகு இன்னொன்று போட்டுக்கொள்ளலாம், இப்போதைக்கு ஒன்று போதும்’ என்ற கடை ஆலோசனை இந்த வகைப் பிராசசருக்குப் பொருந்தாது. கிராபிக்ஸ் பகுதி ராமில் ஒரு பங்கைத் தனக்கென ஒதுக்கிக்கொள்வதால், மொத்தம் 8 ஜி.பி. மட்டும் வைத்துக்கொள்வதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பொருத்தும்போதும் கவனம் தேவை. ராமுக்கு நான்கு இடங்கள் உள்ள மதர்போர்டில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடங்களில்தான் பட்டைகளைச் செருக வேண்டும். மேலும், 3200 என்று அச்சிட்ட பல பட்டைகள் முதலில் 2133, 2400 அல்லது 2666 வேகத்திலேயே ஓடும், பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை இயக்கினால்தான் சொன்ன வேகம் கிடைக்கும்.

மதர்போர்டைப் பொறுத்தவரை ஏ.எம்.4 சாக்கெட்டும் (பிராசசர் பொருந்தும் இடம்) ஏ520 அல்லது பி550 சிப்செட்டும் (மதர்போர்டின் துணைச் சில்லு) போதுமானவை. பி450 பழைய சரக்காக இருந்தால், பயாஸைப் புதுப்பித்துத் தரும்படி கடையிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. பழைய பயாஸுக்கு 5600ஜியை அடையாளம் தெரியாது. ஏ.எம்.5 சாக்கெட் புதியதுதான்; ஆனால் அது டி.டி.ஆர்.5 ராமை மட்டுமே ஏற்கும், மேலே சொன்ன டி.டி.ஆர்.4 அதில் பொருந்தாது.

கோப்புகளின் சேமிப்புக்கு எஸ்.எஸ்.டி.யைத் (சில்லுகளில் தரவை வைக்கும் சேமிப்பகம்) தவிர வேறு எதையும் முதன்மையாக வைக்கக் கூடாது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்டு டிஸ்கில், தேவையான இடம் படிக்கும் முனையின் கீழ் வந்து சேரவே சராசரியாக 4 மில்லி வினாடிக்கு மேல் ஆகிறது, எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டே இல்லை. எம்.2 என்ற சிறு பட்டை வடிவில் இருக்கும் எஸ்.எஸ்.டி.க்களெல்லாம் ஒரே வேகம் என்றும் எண்ணிவிடக் கூடாது: சாட்டா இணைப்பு வகை வினாடிக்குச் சுமார் 550 எம்.பி.யோடு நின்றுவிடும், என்.வி.எம்.இ. வகை அதைப் பல மடங்கு தாண்டும்.

இனி, பலரும் கேபினெட்டோடு இலவசம்போல் வாங்கிவிடும் எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கிப் பெட்டி. இது சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தைச் சுமார் 325 வோல்ட் அல்லது அதற்கும் மேலான நேர்மின்சாரமாக்கி ஒரு பெரிய மின்தேக்கியில் நிறுத்துகிறது. பின்னர் அதை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சிறிய மின்மாற்றி வழியே 12 வோல்ட்டாக இறக்குகிறது. இன்றைய கணினி ஏறக்குறைய முழுவதும் இந்த 12 வோல்ட்டைத்தான் நம்பியிருக்கிறது. ஆகவே ‘450 வாட்’ என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எதிரே உள்ள ஆம்பியரை 12ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். 35 ஆம்பியர் என்றால் 420 வாட், நம்பலாம். பெருக்கிய தொகை 250ஐக்கூட எட்டவில்லை என்றால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை, பாதிச் சுமையில் 85 விழுக்காடு செயல்திறனைக் குறிக்கிறது. பாதுகாப்புச் சுற்றுகளைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

நம் ஊர் மின்வெட்டும் இந்த மின்தேக்கியோடு தொடர்புடையது. மின்சாரம் நின்றதும் யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறப் பொதுவாக 10 மில்லி வினாடிக்குள் ஆகும். அந்த இடைவெளியில் கணினியைத் தாங்குவது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மின்தேக்கியில் தேங்கியுள்ள ஆற்றல்தான். தரமான எஸ்.எம்.பி.எஸ். முழுச் சுமையிலும் சுமார் 16 மில்லி வினாடி தாங்கும். மலிவானதில் மின்தேக்கி சிறிது, யு.பி.எஸ். இருந்தும் கணினி அணைந்து மீண்டும் எழும்போது பலர் யு.பி.எஸ்.ஸைத்தான் திட்டுகிறார்கள். வீட்டு இன்வெர்ட்டரை நம்புபவர்கள், அதில் யு.பி.எஸ். நிலைக்கான சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டு வைக்க வேண்டும். சாதாரண நிலையில் இடைவெளி இன்னும் நீளமானது.

பின்னாளில் கிராபிக்ஸ் கார்டு சேர்க்கும் எண்ணம் உள்ளவர் ஒன்றை இப்போதே அறிந்துகொள்ள வேண்டும். கார்டு இணையும் பாதையான பி.சி.ஐ.இ.யில் 5600ஜி, 3.0 தலைமுறை வரை மட்டுமே ஆதரிக்கிறது. ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. போன்ற மலிவுக் கார்டுகள் அப்பாதையின் நான்கு லேன்களை (தரவுத் தடங்கள்) மட்டுமே பயன்படுத்துவதால், 4.0இல் வினாடிக்கு 8 ஜி.பி. அளவில் இருக்கும் பாதை இங்கே 4 ஆகக் குறுகும். அக்கார்டின் 4 ஜி.பி. நினைவகம் நிரம்பியதும் விளையாட்டு திக்கத் தொடங்கும். எட்டு லேன்கள் கொண்ட ஆர்.எக்ஸ். 6600க்கு இந்த நெருக்கடி மிகக் குறைவு. அது எடுத்துக்கொள்ளும் 132 வாட்டை, மேலே சொன்ன 420 வாட் எஸ்.எம்.பி.எஸ். எளிதாகத் தாங்கும்.