பையன் நல்லாத்தானுங்க இருக்கறான்

டெங்கு வந்த பிறகு எங்கள் கொங்குப் பக்கத்தில் தட்டணு (ரத்தக் கசிவைத் தடுக்கும் பிளேட்லெட்) என்ற சொல் தெரியாத வீடே இல்லை. அவிநாசியிலிருந்தோ காங்கேயத்திலிருந்தோ வருகிற அம்மாக்கள் உட்காரும்போதே, "பிளேட்லெட் நாப்பதாயிரந்தானுங்க இருக்குது" என்று ரிப்போர்ட்டை நீட்டுகிறார்கள். நிலவேம்புக் கஷாயமும் பப்பாளி இலைச் சாறும் அதற்குள் கொடுத்துப் பார்த்திருப்பார்கள். இந்த விழிப்பு நல்லதுதான். ஆனால் தட்டணு குறைந்தாலே டெங்கு என்று முடிவு கட்டிவிடுவதால், ரத்தப் புற்றுநோய் உள்ள சில குழந்தைகள், அந்த நோய்க்கு மருத்துவம் பார்க்கும் என்னிடம் வந்து சேரவே மூன்று, நான்கு வாரம் ஆகிவிடுகிறது.

டெங்கு என்றால் காய்ச்சல் விட்ட சில நாளில் தட்டணு தானாக ஏறத் தொடங்கும். பத்து நாள் கழித்தும் ஏறவில்லை, கூடவே ஹீமோகுளோபினும் இறங்குகிறது, பிள்ளை வெளுத்துக்கொண்டே போகிறான், ராத்திரியில் கால் எலும்பு வலிக்கிறது என்று அழுகிறான், பல் ஈறில் ரத்தம் கசிகிறது, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்றால் விஷயம் வேறு. மெஷின் கொடுத்த எண்ணிக்கையோடு நிறுத்தாமல், ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய செலவில்லாத பரிசோதனை அது.

அதற்கு முன்னால் ஸ்டீராய்டு மட்டும் வேண்டவே வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்தால் காய்ச்சல் விடும், பசியெடுக்கும், பிள்ளை எழுந்து விளையாடும். ரத்தப் புற்றுநோய்க்கு நாங்கள் கொடுக்கும் மருந்துகளில் ஸ்டீராய்டும் ஒன்று என்பதால் வரும் தெளிவு அது. அரைகுறையாகக் கொடுத்தால் நோய் பதுங்கிக்கொள்ளும்; எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தாலும் சில நேரம் பிடிபடாது.

ரத்த அணுக்கள் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் உருவாகின்றன. அங்கே முதிராத வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகி இடத்தை அடைத்துக்கொண்டால் அது அக்யூட் லுக்கேமியா. சிவப்பணுவுக்கு இடமில்லாமல் சோகையும், தட்டணுவுக்கு இடமில்லாமல் ரத்தக் கசிவும் வருகின்றன. ரத்தப் புற்றுநோயில் வேறு வகைகளும் உண்டு. நிணநீர் முடிச்சுகளில் வருவது பெரும்பாலும் லிம்போமா. வயதானவர்களுக்கு முதுகுவலியாகத் தொடங்கி, வலி மாத்திரை தின்றே சிறுநீரகம் கெட்ட பிறகு தெரியவருவது பல நேரம் மைலோமா. சி.எம்.எல். என்ற, மெதுவாக வளரும் வகைக்கு 2001-ல் இமாட்டினிப் என்ற மாத்திரை வந்த பிறகு, பெரும்பாலோர் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறார்கள். அதனால் "ரத்தப் புற்றுநோய்" என்று கேட்டதும் இடிந்துபோகாமல், எந்த வகை என்று கேளுங்கள்.

குழந்தைகளுக்கு அதிகம் வருவது ஏ.எல்.எல். என்ற அக்யூட் லுக்கேமியா வகை. முழு மருத்துவமும் பார்த்தால் பெரும்பாலான குழந்தைகள் குணமாகிவிடுவார்கள். அந்த "முழு" என்ற சொல்லில்தான் நாங்கள் தோற்கிறோம்.

நோய் கண்டுபிடிக்கும்போது உடம்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி புற்று அணுக்கள் இருக்கும். முதல் மாத கீமோ முடிந்ததும் மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது. அப்போதும் ஆயிரம் கோடி வரை மிஞ்சியிருக்கலாம். இதை ஒரு பிள்ளையின் அப்புச்சியிடம் (அம்மாவின் அப்பாவிடம்) விளக்கத் திணறியபோது அவரே சொன்னார்: "கோரை மாதிரீங்களா? மேல வெட்டுனாப் போகாது, அடியில கெழங்கு கெடக்கும்." அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. அந்தக் கிழங்கை எடுக்கத்தான் மொத்தம் இரண்டு முதல் மூன்று வருஷம் ஆகிறது. அதில் பெரும்பகுதி வீட்டிலேயே மாத்திரைதான். மெர்காப்டோபியூரின் தினமும், மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரு நாள். வார மாத்திரையைத் தவறித் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் கிழமையை வட்டம் போட்டு வையுங்கள்.

இந்தக் கட்டத்தில் முடி முளைத்திருக்கும், கன்னம் உப்பியிருக்கும், பள்ளிக்கூடம் போவான். தறி ஓட்டுகிற ஒரு அப்பா, "பையன் நல்லாத்தானுங்க இருக்கறான்" என்று வருவதை நிறுத்திவிட்டார். எட்டு மாதம் கழித்துத் தலைவலியும் வாந்தியுமாகத் தூக்கிக்கொண்டு வந்தார். நோய் மூளையைச் சுற்றிய நீருக்குப் போயிருந்தது. திரும்பி வந்த நோயை வெல்வது முதல் முறையைவிடப் பல மடங்கு கடினம். அவரை நான் திட்டவில்லை. காப்பீட்டு அட்டை இருந்தாலும் பஸ் செலவும் இழந்த நாள் கூலியும் அதில் வராது. முடியவில்லை என்றால் எங்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தேதியை மாற்றலாம், சில பரிசோதனைகளை உங்கள் ஊர்ப் பக்கமே எடுக்கலாம்.

கீமோ எடுக்கும் பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்; உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வந்துவிடுங்கள். திம்பம் மலைக்கு மேலே தாளவாடியிலிருந்தும், வால்பாறையிலிருந்தும் வருகிறவர்களை முதல் சில வாரமாவது கீழே உறவுக்காரர் வீட்டில் தங்கச் சொல்வது இதனால்தான்.

அப்புறம் அம்மை. நம் ஊரில் அம்மை கண்டால் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. வேப்பிலை கட்டி, மாரியாத்தாவுக்கு வேண்டிக்கொள்வோம். வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்குச் சின்னம்மை நுரையீரல் வரை இறங்கும், அதனால் அன்றைக்கே கிளம்பி வந்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்து உங்கள் பிள்ளை அதோடு விளையாடியிருந்தாலும் உடனே ஒரு போன் போடுங்கள். முத்து போடுவதற்கு முன்பே கொடுக்கக்கூடிய மருந்து இருக்கிறது.